தங்கையைக் கிள்ளும் அண்ணன்

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். மகனுக்கு மூன்று வயது, மகளுக்கு நான்கு மாதம். பாப்பா பிறந்த புதிதில் அவன் சமர்த்தாக இருந்தான். இப்போது அவளைக் கிள்ளுகிறான், தூங்குகிறவளை எழுப்பிவிடுகிறான். இரவில் படுக்கையை நனைப்பது நின்று பல மாதங்கள் ஆன பிறகு மறுபடியும் நனைக்கிறான். பால் புட்டி வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். "பாப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்றும் சொல்லிவிட்டான். போன வாரம் கோபத்தில் அவனை அடித்துவிட்டீர்கள். அன்று இரவு முழுக்க அழுதீர்கள். அவன் தங்கையை வெறுக்கிறானா, இதை எப்படி நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எழுத்தில் இருப்பது இவ்வளவுதான். ஆனால் திரும்பத் திரும்பப் படிக்கும்போது, "இரண்டாவதைப் பெற்று மூத்தவனுக்கு அநியாயம் செய்துவிட்டேனோ" என்று நீங்கள் கேட்பதுபோல்தான் என் காதில் விழுகிறது. போகிற போக்கில் இரண்டு செய்திகளையும் சொல்லியிருக்கிறீர்கள். நான்கு மாதமாக நீங்கள் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்கியதில்லை என்பது ஒன்று. நேற்று அவன் தன் விளையாட்டுக் காரைக் கொண்டுவந்து பாப்பாவின் கையில் வைத்தான், உடனே பிடுங்கியும் கொண்டான் என்பது மற்றொன்று. எனக்கு இந்த இரண்டும்தான் மிக முக்கியமாகப் படுகின்றன.

நான் குழந்தை நல மருத்துவர். 22 ஆண்டுகளாகக் குழந்தைகளைப் பார்த்து வருகிறேன். உங்கள் மகனைப் பார்த்ததில்லை. ஆகவே அவனைப் பற்றித் தீர்ப்பாக எதையும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆராய்ச்சியில் உறுதிப்பட்டது எது, என் அனுபவத்தில் மட்டும் கண்டது எது என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வயதில் வெறுப்பு என்ற சொல்லுக்கு இடமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஒரு நாள் என் அறையில் ஒரு தாய் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். மூத்த பையன் பக்கத்தில் நின்று பாப்பாவின் முதுகில் மெதுவாகத் தட்டினான். அம்மா என்னோடு பேசிக்கொண்டே இருந்தார். தட்டு கொஞ்சம் பலமானது. இன்னும் கொஞ்சம் பலமானது. நான் அவன் கண்களைக் கவனித்தேன். அவன் ஒரு முறைகூடப் பாப்பாவைப் பார்க்கவில்லை. பார்வை முழுக்க அம்மாவின் முகத்தில்தான் இருந்தது. பாப்பா வீறிட்டதும் அம்மா சட்டென்று அவன் பக்கம் திரும்பினார். அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. திட்டோடு சேர்ந்துதான் கிடைத்தது, ஆனாலும் கிடைத்துவிட்டது. உங்கள் வீட்டிலும் அவன் கிள்ளும் நேரத்தில் அவன் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். "அம்மா" என்று நான்கு முறை கூப்பிட்டும் வராத நீங்கள், ஒரு கிள்ளலுக்கு இரண்டே நொடியில் ஓடி வருகிறீர்கள். அவன் கற்றுக்கொண்டது அதைத்தான்.

கிள்ளக்கூடாது என்று அவனுக்குத் தெரியும்; கேட்டால் அவனே சொல்லுவான். தெரிந்தும் ஏன் செய்கிறான் என்று பெற்றோர் கொதிப்பது இதனால்தான். ஆனால் ஒரு விதியைத் தெரிந்து வைத்திருப்பது வேறு, கை நீளும் நொடியில் அதை நினைத்துக் கையை இழுத்துக்கொள்வது வேறு. இழுத்துக்கொள்ளும் திறன் மூளையின் முன்பகுதியைச் சார்ந்தது. அந்தப் பகுதி முழுதாக முதிர இருபது வயது தாண்டிவிடும். மூன்று வயதில் அது தொடக்க நிலையில்தான் இருக்கிறது. ஆகவே "எத்தனை தரம் சொன்னேன்" என்பதால் பயனில்லை. இன்னும் பல மாதங்களுக்கு அந்தத் தடுப்பு வேலையை உங்கள் கைதான் செய்ய வேண்டும்.

பிறந்தபோது சமர்த்தாக இருந்தவன் நான்கு மாதம் கழித்து ஏன் மாறினான் என்பது உங்களுக்குப் புதிராக இருக்கிறது. எனக்கு அது புதிராகத் தெரியவில்லை. பிறந்த குழந்தை பெரும்பாலும் தூங்கும், பால் குடிக்கும், அழும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிறது. மூன்று, நான்கு மாதத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறது, கையை நீட்டி எதையாவது எட்டிப் பிடிக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் அந்தச் சிரிப்பைச் சுற்றிக் கூடுகிறார்கள். வந்து போகும் விருந்தாளி என்று அவன் நினைத்திருந்தவள் இங்கேயே தங்கப்போகிறாள் என்பது அவனுக்கு இப்போதுதான் புரிகிறது. இன்னொரு அலையும் வரும். இப்போதே சொல்லி வைக்கிறேன். ஏழு முதல் பத்து மாதத்துக்குள் அவள் தவழ்ந்து வந்து அவன் அடுக்கி வைத்ததையெல்லாம் கலைப்பாள். அப்போது நடப்பதைப் பார்த்து, பழையபடி ஆகிவிட்டதே என்று மனம் தளர வேண்டாம்.

கிள்ளும் கைக்கு என்ன செய்வது? அவனும் அவளும் ஓர் அறையில் தனியாக இருக்கவே கூடாது, ஒரு நிமிடம்கூட. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அன்பு மிகுதியில்கூட மூன்று வயதுக் குழந்தை கைக்குழந்தையின் மேல் படுத்துவிடலாம், வாயில் எதையாவது ஊட்டிவிடலாம். நீங்கள் குளிக்கப் போனால் இருவரில் ஒருவர் வேறொரு பெரியவரிடம் இருக்க வேண்டும், அல்லது பாப்பா அவனுக்கு எட்டாத பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும். அவன் கை நீளும்போது, பட்ட பிறகு கத்தாமல், படுவதற்கு முன்பே மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். "கிள்ள விடமாட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டே சொற்கள் போதும். கிள்ளியே விட்டான் என்றால் முதலில் பாப்பாவைத் தூக்கி ஆறுதல் சொல்லுங்கள்; அவனுக்கு நீண்ட சொற்பொழிவு வேண்டாம், அதுவும் அவனுக்குக் கிடைத்த கவனம்தான். அமைதியான வேளையில் அந்தக் கை வேறு என்ன செய்யலாம் என்று காட்டிக் கொடுங்கள். பாதத்தைத் தொடச் சொல்வதுதான் என் வழக்கம். கண், உச்சிக்குழி ஆகிய ஆபத்தான இடங்களிலிருந்து அது தள்ளி இருக்கிறது. அதைவிட முக்கியமாக, பாதத்தில் விரல் பட்டால் பாப்பா காலை உதறுவாள், விரல்களை மடக்குவாள். அவன் தொட்டதற்கு அவளே பதில் சொல்கிறாள்! அதற்காக உங்களை ஓடி வரவைக்கத் தேவையில்லாமல் போகிறது.

அடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை. அடியால் குழந்தையின் முரட்டுத்தனம் குறைவதில்லை, நாளடைவில் கூடுகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018-ல் பெற்றோர் அடிப்பதைக் கைவிட வேண்டும் என்று வெளிப்படையாக அறிவித்ததும் இதனால்தான். ஆனால் தூக்கமில்லாத ஒரு தாய் ஒரு முறை அடித்துவிட்டதால் அந்தக் குழந்தையின் வாழ்க்கை கெட்டுவிடுவதில்லை. அவனிடம் போய், "அன்றைக்கு உன்னை அடித்துவிட்டேன். அது தப்பு. உனக்கு வலித்திருக்கும்" என்று சொல்லுங்கள். "ஆனால் நீ கிள்ளினாயே" என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மதிப்புப் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தப்புச் செய்தவர் எப்படிப் பேச வேண்டும் என்பதை அவன் வேறு யாரிடம் கற்றுக்கொள்வான்?

இனி ஒரு சிறு வேலை தருகிறேன். நாளை ஒரு நாள் மட்டும், பாப்பாவைக் காரணம் காட்டி அவனிடம் எத்தனை முறை பேசுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். "பாப்பா தூங்குகிறாள், சத்தம் போடாதே." "பாப்பாவுக்குப் பால் கொடுக்கிறேன், அப்புறம் வருகிறேன்." "பாப்பா அழுகிறாள், கீழே இறங்கு." என்னிடம் வரும் தாய்மார்களை எண்ணச் சொன்னால், எண்ணிக்கை முப்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டதாகப் பலர் சொல்கிறார்கள். அவன் வாழ்க்கையில் இல்லை என்று சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் அவள் பெயர் ஒட்டியிருக்கிறது. அந்தப் பெயரை எடுத்துவிட்டுப் பேசுங்கள்: "என் கை இப்போது வேலையாக இருக்கிறது. இந்தப் பாட்டு முடிந்ததும் வருகிறேன்." சொன்னபடி போய்விடுங்கள். சில வேளை அப்படியே திருப்பிப் போட்டு, அவன் காது கேட்கப் பாப்பாவிடம் சொல்லுங்கள்: "கொஞ்சம் பொறு கண்ணே, அண்ணன் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கிறான், அவனுக்கு உதவி செய்துவிட்டு வருகிறேன்." அவளுக்கு ஒன்றும் புரியாது. அவனுக்கு எல்லாம் புரியும். காத்திருப்பது தனக்கு மட்டும் விதித்ததல்ல என்பதை அவன் தன் காதால் கேட்க வேண்டும்.

இதையொட்டி ஓர் ஆராய்ச்சி உண்டு. ஜூடி டன், கேரல் கெண்ட்ரிக் என்ற இருவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 40 குடும்பங்களை, இரண்டாவது குழந்தை பிறப்பதற்கு முன்பிருந்தே வீட்டுக்கு நேரில் போய்க் கவனித்து, 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்டார்கள். கைக்குழந்தையையும் மனசும் ஆசையும் உள்ள ஓர் ஆளாக வைத்து மூத்த குழந்தையிடம் தாய் பேசிய வீடுகளில், ஓராண்டு கழித்தும் குழந்தைகள் ஒருவரோடொருவர் இணக்கமாக இருந்தார்கள். "ஏன் அழுகிறாள், பசியா இருக்குமோ, நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்பது அப்படிப்பட்ட பேச்சுதான். இந்தப் பேச்சுதான் இணக்கத்துக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அப்படிப் பேசும் குடும்பங்கள் வேறு விதங்களிலும் வேறுபட்டிருக்கலாம். நாற்பது என்பதும் சிறிய எண்ணிக்கை. ஆனாலும் செலவில்லாத, தீங்கில்லாத வழி என்பதால் எல்லாருக்கும் இதைச் சொல்லி வருகிறேன். மூன்று வயதுக் குழந்தை சொல்லும் காரணங்கள் வியப்பாக இருக்கும். "அவளுக்கு அந்த விளக்கு பிடிக்கவில்லை" என்று ஒருவன் சொன்னான். விளக்கைத் தணித்ததும் பாப்பா உண்மையாகவே அமைதியானாள்.

தினமும் பத்து நிமிடம் அவனுக்கு மட்டும் கொடுங்கள். பத்து என்ற எண்ணை ஆய்வு எதுவும் எனக்குத் தரவில்லை. களைத்துப்போன தாயால் தினந்தோறும் தவறாமல் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான் என்று பல வீடுகளில் பார்த்ததால் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கொடுப்பதைவிட இது மேல். ஒரே நேரத்தில் வர வேண்டும், அதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டும், என்ன விளையாடுவது என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். அன்று அவன் கிள்ளியிருந்தாலும் அந்தப் பத்து நிமிடத்தை ரத்து செய்யாதீர்கள். கிள்ளிய நாளில்தான் அது அவனுக்கு மிகவும் தேவை. அந்த நேரத்தில் பாப்பாவை யார் பார்த்துக்கொள்வது? உங்கள் பதிவில் குழந்தைகளின் அப்பாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வீட்டில் அவரோ வேறு பெரியவரோ இருந்தால், பெரும்பாலும் அவர்கள் மூத்தவனைக் கூட்டிக்கொண்டு போவார்கள், நீங்கள் பாப்பாவோடு இருப்பீர்கள். நாளுக்கு ஒரு முறையாவது இதை மாற்றுங்கள். பாப்பா அவர்களிடம் போகட்டும், அவன் உங்களிடம் வரட்டும். யாரும் இல்லையென்றால், பால் குடித்துவிட்டுப் பத்திரமாகப் படுத்திருக்கும் பாப்பா ஓரிரு நிமிடம் சிணுங்குவதால் அவளுக்கு ஒரு கெடுதலும் வராது.

படுக்கை நனைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வயதுக்கு முன் அதை மருத்துவம் நோயாகவே கருதுவதில்லை. ஐந்து வயதிலும் நூற்றில் 15 குழந்தைகள் வரை நனைக்கிறார்கள். திட்டாமல் துணியை மாற்றிவிட்டுப் படுக்க வையுங்கள். ஆனால் அவன் வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தால், எடை குறைந்தால், சிறுநீர் போகும்போது எரிச்சல் என்றால், மலச்சிக்கல் இருந்தால், பாப்பாவின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதல் இரண்டும் சேர்ந்து இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும், ஏனென்றால் குழந்தைப் பருவச் சர்க்கரை நோய் இப்படித்தான் தலைகாட்டும். புட்டியைக் கேட்டால் ஒரு நாள் கொடுத்துப் பாருங்கள். அவனைத் துணியில் சுற்றி மடியில் போட்டு, "என் பெரிய பாப்பா" என்று இரண்டு நிமிடம் ஆட்டுங்கள். நான் பார்த்த குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு மூன்று முறையிலேயே சலித்துப்போய் இறங்கி ஓடிவிடுகிறார்கள். தராமல் மறுத்த வீடுகளில்தான் கேட்பது நீண்டுகொண்டே போகிறது. இது என் அனுபவம் மட்டுமே.

"திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்று அவன் சொன்னதற்கு, "அப்படியெல்லாம் சொல்லக்கூடாது, உனக்குத் தங்கையை ரொம்பப் பிடிக்கும்" என்று பதில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாருடைய வாயிலும் முதலில் வரும் பதில் அதுதான். ஆனால் அவன் மனதில் இருப்பதை இல்லை என்று சொல்லிவிட்டால், அடுத்த முறை அவன் வாயால் சொல்லமாட்டான், கையால் சொல்லுவான். "முன்னே மாதிரி நாம் மட்டும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறதா?" என்று கேட்டுவிட்டு, அவன் பேசும்வரை காத்திருங்கள். பிறகு, "அவள் இங்கேதான் இருப்பாள். நீயும் இங்கேதான் இருப்பாய். உன் இடம் உன்னுடையதுதான்" என்று சொல்லுங்கள்.

இப்போது உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். நான்கு மாதக் குழந்தை இரவில் மூன்று முறை எழுவது இயல்பு. பாலில் குறை இல்லை, உங்களிடமும் குறை இல்லை. நான்கு முதல் பன்னிரண்டு மாதம் வரை ஒரு நாளில் மொத்தம் 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் போதும். அது சேர்ந்தாற்போல் வர வேண்டும் என்பதில்லை. இந்த வயதில் தூக்கத்தின் ஒரு பெரிய பங்கு ஆழமில்லாதது. அப்போது குழந்தை முனகும், கை காலை உதறும், கண்ணைக்கூடத் திறக்கும். எழுந்துவிட்டாள் என்று உடனே தூக்கினால் அப்போதுதான் உண்மையாகவே எழுவாள். அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் இல்லாத, சமமான, அழுந்தாத படுக்கை வேண்டும். 1990-களில் பல நாடுகள் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்த பிறகு, தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் குழந்தை மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. சோபாவில் சாய்ந்து பால் கொடுத்தபடி கண்ணயர்ந்துவிடுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. களைப்பில் அதுதான் முதலில் நடக்கும் என்பதால் எச்சரிக்கிறேன். அவனையும் பாப்பாவையும் ஒரே படுக்கையில் படுக்க வைக்காதீர்கள்.

இன்னொரு பெரியவர் இருந்தால் இரவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முன்னிரவில் பால் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு அறையில் போய்ப் படுங்கள்; அடுத்த பாலுக்கு மட்டும் உங்களை எழுப்பட்டும், மற்ற சிணுங்கலையெல்லாம் அவர் பார்க்கட்டும். சேர்ந்தாற்போல் நான்கு மணி நேரம் தூங்கிய தாய் மறுநாள் பிள்ளைகளிடம் பேசும் குரலே வேறு. அது மட்டுமில்லை. "எதிலும் மனம் ஒட்டவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஏறத்தாழ ஏழு தாய்மார்களில் ஒருவருக்கு வருகிறது. அதைக் கண்டறிய 1987-ல் வெளிவந்த எடின்பரோ அளவுகோலில் பத்துக் கேள்விகள்தான், ஐந்து நிமிடம்தான். அந்தக் கேள்விகளை வைத்துப் பார்க்கும்படி உங்கள் மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். இதற்குச் சிகிச்சை உண்டு, பலன் தருகிறது. உங்களையோ குழந்தைகளையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் அன்றே, அந்த மணியிலேயே உதவி கேளுங்கள். பாப்பா அழுது அழுது உங்கள் கை நடுங்கும் நிலை வந்தால், அவளைப் படுக்கையில் மல்லாக்க வைத்துவிட்டு, மகனையும் அழைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் வெளியே வந்துவிடுங்கள். அழுகை அவளைக் கெடுக்காது. பிடித்துக் குலுக்குவது மூளையில் இரத்தக்கசிவை உண்டாக்கும், உயிரையே எடுத்துவிடும்.

எத்தனை நாள் இப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நாள் குறித்துச் சொல்ல முடியாது. பெரும்பாலான குழந்தைகளிடம் சில வாரங்களில், சில மாதங்களில் தணிகிறது. மூன்று மாதம் ஆகியும் கொஞ்சமும் குறையவில்லை என்றாலோ, பாப்பாவின் முகத்தை அமுக்குவது, பொருளை எடுத்து அடிப்பது என்று போனாலோ நேரில் காட்டுங்கள். மழலையாகப் பேசிக் காட்டுவது வேறு. பேசிக்கொண்டிருந்த சொற்களையே இழந்துவிடுவது வேறு. அது தங்கை வந்ததால் வருவதல்ல, காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக அந்தக் கார். கொண்டுவந்து கையில் வைத்தானே, அவன் தங்கையை வெறுக்கிறானா என்ற கேள்விக்கு அவனே சொன்ன பதிலாகத்தான் அதை நான் பார்க்கிறேன். பிடுங்கியதும் நியாயம்தான், அது அவனுடையது. ஆனால் அந்தக் காரை இன்றிரவு நீங்கள் கையில் எடுத்துப் பாருங்கள். சக்கரம் கழன்று வருகிறதா? உள்ளே பொத்தான் போன்ற சிறு பேட்டரி இருக்கிறதா, அதன் மூடி திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறதா? அந்தப் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடலாம். இன்னும் சில வாரங்களில் அவள் கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொண்டு அவனோடு தரையில் உட்காருங்கள். சிறியவை, கழன்று வருபவை எல்லாம் அவனுடைய பெட்டிக்கு. அது உயரமான அலமாரியில் இருக்கும். அவன் உங்களிடம் கேட்டு எடுத்துக்கொள்வான், தவழத் தொடங்கினாலும் பாப்பாவுக்கு எட்டாது. பேட்டரி மூடி தளர்ந்தவற்றை மட்டும் இரண்டு பெட்டியிலும் வைக்காமல் அவன் பார்க்காதபோது அப்புறப்படுத்திவிடுங்கள். பெரிய, மழுங்கிய, உடையாத பொம்மைகள் பாப்பாவின் பெட்டிக்கு. எது எந்தப் பெட்டிக்கு என்று ஒவ்வொன்றாக அவனையே கேளுங்கள். காரை எங்கே வைப்பான் என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். முடிந்தால் வந்து எழுதுங்கள்.